தோற்ற வழக்கும் நீதிபதி ஐயாவும்

வவுனியா,
ஞாயிற்றுக்கிழமை காலை.

அன்புள்ள மகளுக்கு,

எங்கள் காணியை மற்றவருக்குக் கொடுத்த நீதிபதியின் செத்தவீட்டுக்கு ஏன் போனீர்கள் என்று சென்ற கிழமை தொலைபேசியில் நீ கேட்டபோது நான் பேச்சை மாற்றிவிட்டேன். வாயால் சொன்னால் எங்கேயாவது என்னை நல்லவனாகக் காட்டிவிடுவேன் என்ற பயந்தான் காரணம். ஆகவே எழுதுகிறேன்.

மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் போகும் வழியில் உன் அப்பப்பாவின் பெயரில் உறுதி எழுதிய சொந்தக் காணி இரண்டு ஏக்கர் இருந்தது உனக்குத் தெரியும். 1990இல் நாங்கள் அதை விட்டு வவுனியாவுக்கு வந்தோம். 1995இன் கடைசியில் யாழ்ப்பாணத்து வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது வெளிக்கிட்ட ஒரு குடும்பம், அடுத்த ஆண்டு வன்னிக்கு வந்து, பற்றை மண்டிக் கிடந்த அந்தக் காணியைத் துப்புரவாக்கி, மண்வீடு போட்டு, கிணறும் வெட்டிக்கொண்டது. 2002இல் ஏ9 பாதை திறந்ததும் நான் போய்ப் பார்த்தேன். அவர்கள் வைத்த தென்னைகள் ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்து நின்றன. வேலிக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, ஒரு சொல்லும் பேசாமல் திரும்பி வந்தேன். பிறகு வழக்கில் என்னைத் தோற்கடித்தது அந்த மௌனந்தான்.

1871ஆம் ஆண்டுச் சட்டமொன்றின்படி, ஒருவர் மற்றவருடைய காணியை உரிமையாளரின் உரித்தை ஏற்றுக்கொள்ளாமல் பத்து ஆண்டுகள் இடையறாது ஆண்டுவந்தால் அது அவருக்கே உரித்தாகிவிடும். 2008இல் போரால் எல்லோரும் கிழக்கு நோக்கி ஓடத் தொடங்கும்வரை அவர்கள் அங்கே பன்னிரண்டு ஆண்டுகள் இருந்துவிட்டார்கள். "இருங்கள், பிறகு பார்ப்போம் என்று 2002இல் நான் சொன்னேன், அவர்களும் சம்மதித்தார்கள்" என்று ஒரு வசனம் சொல்லியிருந்தால் வழக்கு என் பக்கம் சாய்ந்திருக்கும். அதைச் சொல்லும்படி உறவினர் ஒருவர் என்னிடம் மன்றாடினார். நானும் சொல்வதாகத்தான் போனேன்.

நீதிபதி ஐயாவுக்கு ஒரு வழக்கம் இருந்தது. சாட்சி சொல்வதைத் தட்டெழுத்தாளர் பதிந்து முடிந்ததும், முக்கியமான விடையென்றால் அதைத் திரும்ப வாசிக்கச் செய்து, "இதைத்தானே சொன்னீர்கள்?" என்று சாட்சியின் முகத்தைப் பார்த்துக் கேட்பார். எனக்கு முன் கூண்டில் நின்ற அந்தக் குடும்பத்துப் பெண், கணவரை 2009இல் இழந்தவர், தான் சொன்னதை அப்படி வாசிக்கக் கேட்டு, "ஓம் ஐயா, ஆனால் கிணறு வெட்டினது 96 இல்லை, 97" என்று தனக்குப் பாதகமாகவே திருத்தினார். என் முறை வந்தது. அவர்களை இருக்கச் சொன்னீர்களா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். என் பொய்யை இன்னொருவர் உரத்து வாசிக்க, நான் அதற்கு ஓம் சொல்வதை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

காணியை நேரில் பார்க்கவும் அவர் வந்தார். நாங்கள் சோடா வாங்கி வைத்திருந்தோம், அவர்கள் இளநீர் வெட்டி வைத்திருந்தார்கள். இரண்டையும் தொடாமல், வாகனத்தில் கொண்டுவந்த போத்தல் தண்ணீரைக் குடித்துவிட்டுக் கிணற்றடியில் நெடுநேரம் நின்றார்.

தீர்ப்பில் அவர் எழுதிய ஒரு பகுதி எனக்கு இன்னும் மனதில் நிற்கிறது. பராயமடையாமை, சித்தசுவாதீனமின்மை, கடல் கடந்திருத்தல் போன்றவற்றைக் காரணமாகக் கொண்டு அந்தச் சட்டம் உரிமையாளருக்குக் காலச்சலுகை தருகிறது என்றும், நாட்டுக்குள்ளேயே இடம்பெயர்ந்திருத்தல் அதில் இல்லை என்றும், அதைச் சேர்ப்பது பாராளுமன்றத்தின் வேலையே அன்றித் தன்னுடையதல்ல என்றும் எழுதியிருந்தார். அன்றைக்கு நான் வவுனியாவில் இல்லாமல் உன்னைப்போலக் கனடாவில் இருந்திருந்தால் எனக்கும் அந்தச் சலுகைக்கு ஒரு வழி இருந்திருக்கும். இதை நினைத்து உன் அம்மாவும் நானும் சிரித்திருக்கிறோம், அழுதும் இருக்கிறோம். 2016இல் 5ஆம் இலக்கச் சட்டம் வந்து, போரினால் நீதிமன்றம் போக முடியாதவர்களுக்கு 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கழித்துவிட வழிசெய்தது. எங்கள் வழக்கு அதற்கு முன்பே முடிந்துவிட்டது. அந்தச் சட்டம் முன்னரே வந்திருந்தால் அந்தப் பெண் பிள்ளைகளோடு எங்கே போயிருப்பார் என்பதற்கு என்னிடம் விடையில்லை.

வழக்குக்காக அலைந்த நாட்களில்தான் அவருடைய மற்ற வேலைகளையும் கண்டேன். கணவரிடம் செலவுப் பணம் கேட்டுத் தாபரிப்பு வழக்குக்கு வரும் பெண்களை மதியம்வரை மரத்தடியில் காக்கவைக்காமல் முதலிலேயே கூப்பிடுவார். தவணை கொடுக்குமுன், துணுக்காயிலிருந்தோ கொக்கிளாயிலிருந்தோ வந்தவரிடம் எத்தனை மணிக்கு பஸ் என்று கேட்பார். சட்டத்தரணிகள் சிலருக்கு இது எரிச்சல், சிலர் முணுமுணுத்ததை என் காதாலேயே கேட்டேன். ஒருநாள் ஒரு தாயிடம், மகன் உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்று குறுக்குக் கேள்வி வந்தது. அவர் "தெரியாது" என்றார். ஆமா இல்லையா என்று மீண்டும் நெருக்கியபோது ஐயா தலையிட்டு, "தெரியாது என்பதும் விடைதான், அப்படியே பதியுங்கள்" என்றார். மன்று முழுவதும் அமைதியாகிவிட்டது. அந்தத் தாய் மட்டும் கைகூப்பினார்.

அவரைக் குறையே இல்லாத மனிதர் என்று நான் சொல்ல வரவில்லை. கோபக்காரர். கைத்தொலைபேசி ஒலித்ததற்காக ஒரு முதியவரை வெளியே அனுப்பியதையும் கண்டேன், அது எனக்குப் பிடிக்கவில்லை.

செத்தவீட்டில் கூட்டம் வாசலைத் தாண்டி வீதிவரை நின்றது. பந்தலின் ஓரத்தில் அந்தப் பெண்ணும் நின்றார், மூத்த மகன் கூட வந்திருந்தான். நானும் அவரும் பத்து வார்த்தைகூட பேசியதில்லை. அன்றைக்கு அவர்தான் கிட்ட வந்து, "உங்கட மகள் சுகமா?" என்று உன்னைக் கேட்டார். சுகம் என்று சொன்னேன்.

தீர்ப்பின் பிரதி அலுமாரியில் இருக்கிறது. தம்பியிடம் சொல்லிப் படமெடுத்து அனுப்புகிறேன். மேலே நான் சொன்ன பகுதியில் பென்சிலால் கோடு போட்டிருக்கிறேன், அதை வாசித்துவிட்டுத் தொலைபேசி எடு, பிறகு கதைப்போம்.

அன்புடன்,
அப்பா