சொன்ன நாளில் வந்து நின்ற பிள்ளைக்கு

ஸ்ரீவைகுண்டத்துக்குக் கிழக்கே, தாமிரபரணிக் கரையோரச் சிற்றூர் ஒன்றில், தொடக்கப் பள்ளிச் சத்துணவு அமைப்பாளராக இருக்கிறேன். 2023 டிசம்பர் 17, 18 இரண்டு நாளும் பெருமழையிலும் வெள்ளத்திலும் எங்களுக்கு நேர்ந்தது எல்லோருக்கும் தெரியும். அதைத் திரும்ப எழுத எனக்குத் தெம்பில்லை. பொங்கல் முடிந்து நான்கு நாள் ஆகிறது. இன்று எழுதாவிட்டால் அன்றாட வேலையில் இது அமுங்கிப் போய்விடும் என்ற பயத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

லாரியில் படகை ஏற்றிக்கொண்டு வந்து எங்கள் மொட்டைமாடிகளிலிருந்து ஆட்களை இறக்கிய மீனவச் சகோதரர்களுக்கும், மூன்று நாள் அடுப்பை அணைக்காமல் சமைத்துப்போட்ட பக்கத்து ஊர் ஜமாஅத்தாருக்கும், மண்டபத்தைத் திறந்துவிட்ட கோயில்காரர்களுக்கும், வெளிமாவட்டங்களிலிருந்து வந்து கம்பம் ஏறிய மின்வாரியத் தம்பிகளுக்கும், எங்கள் வீட்டுச் சேற்றைத் தங்கள் வீட்டுச் சேறுபோல் அள்ளிய தூய்மைப் பணியாளர்களுக்கும் கைகூப்புகிறேன். ஆளுக்கொரு மடல் எழுதினாலும் தீராத கடன் அது.

வேறோர் ஊரில் நடத்தவிருந்த ஏழு நாள் சிறப்பு முகாமை மாற்றிக்கொண்டு எங்கள் ஊருக்கு வந்த நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களுக்கும் அவர்களின் பேராசிரியருக்கும் நன்றி. சமையற்கூடத்தில் அரிசி மூட்டைகள் ஊறி, முளைவிட்டு, நாறிக் கிடந்தன. கிட்டப் போகவே எங்களுக்குக் குமட்டியது. அந்தப் பிள்ளைகள் ஒரு வார்த்தை பேசாமல் மண்வெட்டியை எடுத்தார்கள். பள்ளிக் கிணற்றை இன்ஜின் வைத்து இறைத்துத் தூர் எடுத்துக் கொடுத்ததும் அவர்கள்தான்.

ஆனால் இந்த மடல் அவர்களில் ஒருத்திக்கு. இரண்டாம் ஆண்டு படிக்கும் பெண். பெயர் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை.

முகாமின் கடைசி நாள், ஊற்று ஊறிய கிணற்றிலிருந்து நீர் மொண்டு, மருந்துக் குப்பி போன்ற ஒரு சின்ன பாட்டிலில் அவள் ஊற்றினாள். நீரில் மலக்கிருமி இருந்தால் ஒன்றிரண்டு நாளில் அது கருத்துவிடும் என்றாள். "முடிவை யாரிடம் கேட்க வேண்டும்?" என்றேன். "வியாழக்கிழமை நானே வந்து சொல்கிறேன், டீச்சர்" என்றாள்.

நான் நம்பவில்லை. அதை அவளிடமே பிறகு சொல்லிவிட்டேன், இங்கும் சொல்கிறேன். இருபது ஆண்டுகளாக இந்தப் பள்ளிக்குத் தாள்களோடு எத்தனையோ பேர் வந்திருக்கிறார்கள். குழந்தைகளை நிறுத்தி எடை பார்த்தார்கள், உயரம் அளந்தார்கள், வீட்டில் கழிப்பறை உண்டா என்று தாய்மாரைக் கேட்டார்கள். கூலி வேலையை விட்டுவிட்டு வந்து எங்கள் பெண்கள் பதில் சொன்னார்கள். அதெல்லாம் என்ன ஆயிற்று என்று ஒருவரும் திரும்பி வந்து சொன்னதில்லை. அவர்களுக்கு மதிப்பெண் கிடைத்திருக்கும், பட்டம் கிடைத்திருக்கும். என் பிள்ளைகளின் எடை எதைக் காட்டியது என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு அவள் வந்தாள். உடைந்த சாலையில் அப்போது பஸ் கிடையாது. மெயின் ரோட்டில் இறங்கி மூன்று கிலோமீட்டர் நடந்திருக்கிறாள். தோள்பையிலிருந்து கைக்குட்டையில் சுற்றிய பாட்டிலை எடுத்து என் கையில் வைத்தாள். மைபோல் கருத்திருந்தது.

"குடிக்காதீர்கள்" என்று சொல்லிவிட்டு அவள் போயிருக்கலாம். சமையற்கூடத் திண்ணையில் உட்கார்ந்து, எங்கள் சமையலர் ஆச்சியையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள். கயிற்றில் கல்லைக் கட்டிக் கிணற்றில் இறக்கி, நனைந்த மட்டும் அளந்தோம்: நான்கு மீட்டர். வாய் அகலம் மூன்று மீட்டர். சாக்பீஸால் தரையிலேயே கணக்குப் போட்டாள். 28,000 லிட்டருக்குச் சற்று மேல். ஆயிரம் லிட்டருக்கு இரண்டரை கிராம் பிளீச்சிங் பவுடர் என்றால் 70 கிராம். இத்தனை வருடமும் நான் இரண்டு கை அள்ளி அப்படியே கொட்டியிருக்கிறேன், பிள்ளைகள் வாடை தாங்காமல் தண்ணீரைத் துப்பியிருக்கிறார்கள்.

மளிகைக் கடைத் தராசில் நிறுத்து வாங்கி வந்தோம். வாளியில் பசைபோல் குழைத்து, நீர் விட்டுக் கலக்கி, சுண்ணாம்பு அடியில் படியும்வரை பொறுத்து, மேலே தெளிந்ததை மட்டும் இன்னொரு வாளிக்கு மாற்றினோம். கிணற்றுக்குள் வாளியை விட்டு நாலாப் பக்கமும் ஆட்டியது ஆச்சிதான். ஒரு மணி நேரம் கழித்துத்தான் இறைக்க வேண்டும், மூட்டையைத் திறந்து போட்டால் பவுடரின் வீரியம் போய்விடும் என்றெல்லாம் அவள் சொல்லச் சொல்ல, இருப்புப் பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டேன். எழுதியதை ஒருமுறை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள்.

போகிக்கு முந்தைய நாள் மறுபடியும் ஒரு பாட்டில் எடுத்தோம். இம்முறை அவள் அதைக் கொண்டு போகவில்லை. "உங்களிடமே இருக்கட்டும், டீச்சர். நீங்களே பாருங்கள்" என்று ஜன்னலில் வைத்துவிட்டுப் போனாள். அன்றிரவு எனக்குத் தூக்கமில்லை. மறுநாள் காலை பார்த்தேன். பொங்கலன்று விடிவதற்கு முன்பு டார்ச் அடித்துப் பார்த்தேன். கருக்கவில்லை. ஆச்சியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் பாட்டிலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அந்தக் கிணற்று நீரில்தான் பள்ளி வாசலில் எல்லோருக்குமாகப் பொங்கலிட்டோம். பிள்ளைகளுக்குக் குடிக்க இன்னமும் காய்ச்சித்தான் கொடுக்கிறோம், அவள் சொன்னது அப்படி.

பேராசிரியர் ஐயாவுக்கு ஒரு விண்ணப்பம். ஆண்டுக்கு 120 மணி நேரச் சேவை என்று கணக்கு வைத்திருக்கிறீர்கள். முகாம் முடிந்த பிறகு அவள் நடந்த மூன்று கிலோமீட்டரை எந்தப் பத்தியில் எழுதுவீர்கள் என்று எனக்குத் தெரியவில்லை. எப்படியாவது எழுதிவிடுங்கள். அடுத்த ஆண்டு எந்த ஊருக்குப் போனாலும், திரும்பி வருவதற்கென்று ஒரு நாளை முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள்.

மகளே, நீ விட்டுப்போன நான்கு பாட்டில்களும் அலமாரியில் பத்திரமாக இருக்கின்றன. மாதம் ஒன்று எடுப்பேன், தேதி போட்டுப் பதிவேட்டில் எழுதுவேன், கருத்தாலும் கருக்காவிட்டாலும் அன்றைக்கே தாய்மாரைக் கூட்டிச் சொல்வேன். என் பணிக்காலம் முடியும்வரை இதில் தவற மாட்டேன்.

உன் கைக்குட்டை என்னிடம்தான் இருக்கிறது. துவைத்து மடித்து வைத்திருக்கிறேன். பஸ் இப்போது பள்ளி வாசல்வரை வருகிறது.