கோடு விழுந்தால் கிளீனிங் மட்டுமே மருந்தல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பிள்ளைகளின் பிராஜெக்ட், ஆதார் நகல், ஜிஎஸ்டி பில் என எல்லாவற்றுக்கும் வீடுகளிலும் சிறு கடைகளிலும் இங்க் டேங்க் பிரின்டர் வந்துவிட்டது. அவற்றில் பல, பெரிய பழுது எதுவும் இல்லாமலேயே கெட்டுப்போகின்றன. முக்கியக் காரணம், மையைத் தாளில் தெளிக்கும் ஹெட்டைச் சுத்தம் செய்யும் ‘ஹெட் கிளீனிங்’கைத் திரும்பத் திரும்ப ஓட்டுவது.

எழுத்தின் நடுவே வெள்ளைக் கோடு விழுந்தாலோ ஒரு நிறம் வராமல் போனாலோ, ஹெட்டின் நுண்துளையில் மை காய்ந்திருக்கலாம், அல்லது குழாயில் காற்று புகுந்திருக்கலாம். கிளீனிங் கொடுத்தால் அந்தத் துளைகள் வழியாக மை உறிஞ்சப்பட்டு, இயந்திரத்தின் அடியில் உள்ள பஞ்சுப் பட்டைக்குப் போகிறது. பஞ்சில் எவ்வளவு மை சேர்ந்திருக்கும் என்று பிரின்டரே கணக்கு வைத்திருக்கும். கணக்கு நிறைந்ததும் அச்சிட மறுத்துவிடும். கேனான் மாடல்கள் பலவற்றில் வரும் 5பி00 என்ற பிழை எண் இதுதான். பத்து முறை கிளீனிங் ஓட்டுபவர், மையையும் கொட்டி அந்த நாளையும் தானே அருகில் இழுத்துக்கொள்கிறார்.

முதலில் டேங்கில் மை கீழ்க்கோட்டுக்கு மேல் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு ஹெட்டின் துளைகளைச் சோதிக்கும் ‘நாசில் செக்’ பக்கம் ஒன்று எடுங்கள். எந்த நிறத்தில் கட்டங்கள் விடுபட்டிருக்கின்றன என்று அதிலேயே தெரியும். ஒரு கிளீனிங், மறுபடி ஒரு நாசில் செக். மூன்று முறை இப்படிச் செய்தும் தேறாவிட்டால் நிறுத்துங்கள். பிரின்டரை அணைத்து 12 மணி நேரம் சும்மா விடுங்கள். காய்ந்த மை இளகவும் காற்றுக்குமிழி அடங்கவும் அந்த ஓய்வு தேவை. மறுநாள் ஒரே ஒரு கிளீனிங்கில் சரியாகிவிடுவது உண்டு. அப்போதும் வராவிட்டால் மெக்கானிக்கிடம் கொண்டுபோக வேண்டியதுதான்.

அடைப்பே வராமல் இருக்க, வாரம் ஒருமுறையாவது எல்லா நிறமும் வரும் ஒரு பக்கம் அச்சிடுங்கள். இன்னொன்று, பிரின்டரைச் சுவர் சுவிட்சில் அணைக்காதீர்கள். அதன் பட்டனை அழுத்தி அணைத்தால்தான் ஹெட் தன் இடத்துக்குப் போய் ரப்பர் மூடியில் உட்காரும். அச்சிடும்போது மின்தடை வந்தால், கரன்ட் வந்ததும் ஒருமுறை ஆன் செய்து, ஓசை அடங்கிய பின் பட்டனில் அணையுங்கள்.

மழைக்காலத்தில் வரும் தொல்லை வேறு. ஐப்பசி, கார்த்திகையில் பேப்பர் சிக்குகிறது, இரண்டிரண்டாக இழுக்கிறது என்றால் இயந்திரத்தைச் சந்தேகிக்கும் முன் பேப்பரைத் தொட்டுப் பாருங்கள். பிரித்த கட்டு ஈரக்காற்றை உறிஞ்சி வளைந்திருக்கும். மிச்சத்தைப் பிளாஸ்டிக் உறையில் மூடி வையுங்கள். டிரேயில் வைக்குமுன் சீட்டுக்கட்டைப் பிரிப்பதுபோல் விசிறிவிடுங்கள். சிக்கிய தாளை, அது ஓடும் திசையிலேயே இரு கையாலும் மெதுவாக இழுக்க வேண்டும். கிழிந்த துண்டு ஒன்று உள்ளே தங்கினாலும் அடுத்த தாள் அங்கேயே நிற்கும். பேப்பரே ஏறவில்லையா? இழுக்கும் ரப்பர் உருளையில் தூசி படிந்திருக்கும். நூல் உதிராத துணியைத் தண்ணீரில் லேசாக நனைத்துத் துடைத்து, உலரவிட்டால் போதும்.

லேசர் பிரின்டரில் ஒரே கறை பக்கம் முழுக்கச் சம இடைவெளியில் விழுந்தால் ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். அந்த இடைவெளி, பழுதான உருளையின் சுற்றளவு. எழுத்தைத் தாளில் பதிக்கும் உருளையான டிரம், 24 மி.மீ. விட்டமுள்ளது என்றால் சுமார் 75 மி.மீ. வரும். அந்த அளவு வந்தால், கார்ட்ரிட்ஜில் உள்ள டிரம் போய்விட்டது என்று பொருள், பிரின்டர் நன்றாகவே இருக்கிறது.

கட்டளை கொடுத்தும் அச்சாகாமல் வரிசையில் தேங்கி நின்றால், விண்டோஸின் சர்வீசஸ் பட்டியலில், அச்சு வரிசையைக் கவனிக்கும் ‘பிரின்ட் ஸ்பூலர்’ என்பதை நிறுத்தி, சிஸ்டம்32-க்குள் ஸ்பூல், அதற்குள் பிரின்டர்ஸ் என்ற ஃபோல்டரில் இருக்கும் கோப்புகளை மட்டும் அழித்து, ஸ்பூலரை மறுபடி தொடங்குங்கள். ஃபோல்டரை அழித்துவிடாதீர்கள்.

மீண்டும் பஞ்சுக்கே வருகிறேன். பஞ்சை மாற்றாமல் கணக்கை மட்டும் பூஜ்யமாக்கித் தரும் மென்பொருள்கள் இணையத்தில் கிடைக்கின்றன. பிரின்டர் ஓடும்தான், ஆனால் நிறைந்த பஞ்சிலிருந்து ஒருநாள் மை வழிந்து மேசையில் ஓடும். பஞ்சை மாற்றிவிட்டுக் கணக்கைத் திருத்துவதே முறை. சில புதிய மாடல்களில் இந்தப் பஞ்சு தனிப் பெட்டியாக, நாமே கழற்றி மாட்டும்படி வருகிறது. அப்படி மாற்ற முடியுமா, முடியாதா என்பதைப் பிரின்டர் அட்டைப்பெட்டியின் மேலேயே தமிழில் அச்சிடும்படி நிறுவனங்களைக் கட்டாயப்படுத்த வேண்டும். மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள் 2022-இல் பிரின்டரும் கார்ட்ரிட்ஜும் இடம்பெற்றிருக்கின்றன. தூக்கி எறிந்த பின் சேகரிக்க விதி இருக்கும்போது, எறியாமல் இருக்க உதவும் இந்த ஒரு வரியையும் கேட்கலாம்.

இப்படிக்கு,
பிரின்டர் பழுதுபார்ப்போர் சிலர்,
ஈரோடு.