பாலிஷ் டப்பாவைத் தள்ளி வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

பழைய செக்ஸ்டன்ட் (கடலில் சூரியன், விண்மீன்களின் உயரக் கோணத்தை அளப்பது), தியோடலைட் (நில அளவைக்குக் கோணம் பார்ப்பது), நுண்ணோக்கி என்று ஏதேனும் ஒரு பித்தளைக் கருவி கைக்கு வந்துவிட்டால், சேகரிப்பில் புதிதாக இறங்கியவர்கள் முதலில் தேடுவது பாலிஷ் டப்பாவைத்தான். கறுத்துக் கிடப்பதைப் பளபளக்க வைத்தால் மதிப்புக் கூடும் என்ற நினைப்பு. அந்த ஒரு மணி நேரத் தேய்ப்பில் போகும் மேற்பரப்பை யாராலும் திருப்பிக் கொண்டுவர முடியாது. அதனால்தான் இதைச் சற்று விரிவாக எழுதுகிறோம்.

18, 19ஆம் நூற்றாண்டுக் கருவிகளில் பித்தளையை வெறுமனே விட்டுவைப்பது அரிது. ஒரே திசையில் இழைத்து, இளஞ்சூடாக்கி, சாராயத்தில் கரைத்த அரக்கை மெல்லிய பிரஷால் பூசினார்கள். கருவியின் பொன்னிறத்தில் பாதி அந்த அரக்கு தருவது. கை பிடித்த இடத்திலும் முகம் உரசிய இடத்திலும் அது தேய்ந்து பழுப்புத் திட்டு தெரியும். அதை அழுக்கென்று எண்ணி ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடைத்தால், மிச்சமிருக்கும் அரக்கும் பஞ்சோடு வந்துவிடும். சாராயத்தில் கரைத்தது சாராயத்தில் மறுபடி கரையத்தானே செய்யும்! பல செக்ஸ்டன்ட்களின் சட்டமோ வேண்டுமென்றே கறுப்பாக்கப்பட்டது, கடல் வெயிலில் கண் கூசாமல் இருக்க. அந்தக் கறுப்பையும் சுரண்டி மஞ்சளாக மின்ன வைத்த கருவிகளைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது.

பல பாலிஷ்களில் அமோனியா இருக்கிறது. இழுத்துச் செய்த பித்தளைக் குழாய்களுக்குள் இறுக்கம் தங்கியிருக்கும்; அங்கே அமோனியா பட்டால் மயிரிழை விரிசல் விடும். எலுமிச்சைச் சாறும் வினிகரும் பித்தளையிலுள்ள துத்தநாகத்தை அரித்துவிட்டுச் செம்பு நிறத் திட்டுகளை விட்டுச் செல்லும். பாலிஷின் வெண்பொடி பெயர் பொறித்த பள்ளங்களில் போய் உறைந்து, ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு களிம்பு ஏற இடம் கொடுக்கும்.

மிகப் பெரிய இழப்பு அளவுகோலில்தான். நல்ல செக்ஸ்டன்ட்டின் அடியில் வளைந்திருக்கும் வில்லில் மெல்லிய வெள்ளிப் பட்டை பதித்து, அதில் கோடுகள் வெட்டியிருப்பார்கள். வில்லின் ஆரம் 180 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி பிரதிபலிப்பதால் வில்லின் அரைப் பாகை ஒரு பாகையாக எண்ணப்படுகிறது. ஆக ஒரு பாகைக்கு 1.57 மில்லிமீட்டர், அடுத்தடுத்த 10 நிமிடக் கோடுகளுக்கு (நிமிடம் என்பது இங்கே பாகையில் அறுபதில் ஒரு பங்கு) இடையே 0.26 மில்லிமீட்டர். முதன்மை அளவுகோலை ஒட்டி நகரும் துணை அளவுகோலான வெர்னியரால் படிக்கக்கூடிய மிகச் சிறிய அளவு 10 விகலை (விகலை என்பது நிமிடத்தில் அறுபதில் ஒரு பங்கு) என்றால், அது ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் நான்கு பங்குக்குச் சற்று மேல். இவ்வளவு நுட்பம் கோடுகளைக் கையால் பிரித்து வெட்டும்போது எளிதில் வாய்ப்பதில்லை. ஆங்கிலேயக் கருவி வினைஞர் ஜெஸ்ஸி ராம்ஸ்டன் 1770களில் செய்த, அளவுகோலில் கோடு வெட்டும் பிரிப்பு இயந்திரத்தின் சக்கரத்தில் 2160 பற்கள்; திருகு ஆறு முறை சுற்றினால் சக்கரம் ஒரு பாகை நகரும். அதற்குப் பிறகுதான் சிறிய செக்ஸ்டன்ட்டும் நம்பத்தக்கதாயிற்று. அந்தக் கோட்டின் விளிம்பை நான்கு முறை பாலிஷ் துணியால் உருட்டினால் கோடு மழுங்கி, பள்ளத்தில் நிரப்பிய கறுப்பு மை போய், படிக்கவே முடியாத வெள்ளித் தகடு மிஞ்சும். வெள்ளி கறுத்திருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். மெல்லிய கடிகார எண்ணெய் ஒரு துளி தொட்ட மென்துணியால் ஒருமுறை வருடினாலே கோடுகள் தெளியும்.

போலிகளையும் இந்த அளவுகோல்தான் காட்டிக்கொடுக்கும். பத்து மடங்கு பெருக்கும் லென்ஸ் ஒன்று போதும். வெர்னியரின் சுழியை முதன்மை அளவுகோலின் சுழியோடு பொருத்துங்கள். வெர்னியரின் கடைசிக் கோடும் ஏதோ ஒரு முதன்மைக் கோட்டோடு சரியாக ஒன்றிப்போக வேண்டும். நடுக்கோடு மட்டும் இரண்டு முதன்மைக் கோடுகளுக்குச் சரிபாதியில் விழ வேண்டும். பிறகு வெர்னியரைத் தாங்கிச் சுழலும் கருவியின் கையை 30, 60, 90 பாகைகளுக்கு நகர்த்தி இதையே செய்து பாருங்கள். அலங்காரத்துக்காக வார்த்த கருவியில் ஒரே நேரத்தில் ஏழெட்டுக் கோடுகள் ஒன்றிக்கும், அல்லது எதுவுமே ஒன்றிக்காது. வில்லின் மையத்தில் இந்தக் கை ஆடுகிறதா என்றும் பாருங்கள். உண்மையான கருவியில் கூம்பு வடிவ அச்சு மெழுகு போல வழுக்கிச் சுழலும், பக்கவாட்டில் அசையாது.

எழுத்தும் பேசும். "கெல்வின் அண்ட் ஹியூஸ், லண்டன், 1917" என்று பொறித்த செக்ஸ்டன்ட்கள் விற்பனைக்கு வருகின்றன. அந்தப் பெயரில் நிறுவனம் உருவானதே 1947இல்! 1850 என்று சொல்லி விற்கும் கருவியில் கூட்டல் குறித் தலையுள்ள திருகு இருந்தால், அது 1930களுக்குப் பிறகு யாரோ மாட்டியது. திருகின் பள்ளத்துக்குள்ளும் துளையின் உள்சுவரிலும்கூட ஒரே சீராகக் கறுப்பேறியிருந்தால், மொத்தக் கருவியையும் ரசாயனத்தில் முக்கியிருக்கிறார்கள் என்று பொருள்.

அப்படியானால் சுத்தமே செய்யக் கூடாதா? செய்யலாம், குறைவாக. முதலில் எல்லாப் பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மென்பிரஷால் தூசியைத் தட்டுங்கள். ஒரு கிண்ணம் காய்ச்சி வடித்த நீரில் மென்மையான சோப்புத் திரவம் இரண்டு துளி. காது குடையும் பஞ்சுக்குச்சியை அதில் நனைத்து, நன்றாகப் பிழிந்து, விரல் அகல இடத்தை மட்டும் துடைத்து உடனே உலர்ந்த துணியால் ஒற்றுங்கள். தந்தம், கருங்காலி, காகிதச் சீட்டு ஆகியவற்றில் நீர் படவே கூடாது. ஆக்டன்ட்டின் (செக்ஸ்டன்ட்டுக்கு முன்னோடியான கருவி) தந்த அளவுகோல் ஈரம் குடித்தால் வளைந்து விரிசல் விடும். (தந்தம் உள்ள கருவியை நாடு விட்டு நாடு அனுப்ப உரிய அனுமதி தேவை என்பதையும் மறக்க வேண்டாம்.) இறுகிப்போன பழைய கிரீஸுக்கு மினரல் டர்பன்டைன் போதும், அதையும் கண்ணில் படாத மூலையில் சோதித்துப் பார்த்த பிறகே. கடைசியாக, அருங்காட்சியகங்களில் பயன்படுத்தும் நுண்படிக மெழுகை மிக மெல்லிதாக ஒரு பூச்சு.

திருகுகளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். மரைகளுக்குப் பொது அளவு வருவதற்கு முன், ஒவ்வொரு திருகும் அதனதன் துளைக்கென்றே வெட்டப்பட்டது. பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும் நான்கு திருகுகளை இடம் மாற்றிப் போட்டால் மரை கழன்றுவிடும். அட்டையில் கருவியின் உருவத்தை வரைந்து, கழற்றும் திருகை அந்தந்த இடத்தில் குத்தி வையுங்கள். திருப்புளியின் முனை பள்ளத்தின் முழு நீளத்தையும் அடியையும் தொட வேண்டும். அசையாத திருகுக்கு ஊடுருவும் எண்ணெய் ஒரு துளி, பிறகு ஒரு நாள் பொறுமை. அவசரப்பட்டால் தலை சிதையும்.

கண்ணாடிகளுக்குப் புது ரசம் பூசாதீர்கள். கருவியைப் பயன்படுத்தியே ஆக வேண்டுமென்றால் புதுக் கண்ணாடி மாட்டி, பழையதைப் பெட்டிக்குள் வையுங்கள்.

இனி, உயிருக்கே ஆபத்தானவை இரண்டு. பாதரசப் பாரமானியைப் படுக்கவைத்துக் கொண்டுபோனால் குழாய்க்குள் காற்று புகும், பாதரசம் ஒழுகும். நிமிர்த்திய நிலையிலிருந்து மெல்லச் சாய்த்தால் பாதரசம் ஏறிக் குழாயின் உச்சியில் முட்டும். 'டிக்' என்று தெளிவான ஓசை வந்தால் உள்ளே காற்றில்லை. அந்தச் சாய்விலேயே தூக்குங்கள். சிந்திவிட்டால் வாக்குவம் கிளீனரும் துடைப்பமும் வேண்டாம், ஆவி வீடெங்கும் பரவும். சன்னலைத் திறந்து, அட்டையால் கூட்டி, சொட்டுக்குழாயால் உறிஞ்சி, இறுக மூடும் குப்பியில் சேர்த்து, அபாயக் கழிவுகளைப் பெறுவோரிடம் ஒப்படையுங்கள். தங்க மோதிரத்தை முன்னரே கழற்றிவிடுங்கள். பாதரசம் பட்டால் தங்கம் வெளுத்துவிடும்.

இரண்டாவது, இருட்டில் ஒளிரும்படி ரேடியம் பூசிய திசைகாட்டிகள், விமானக் கருவிகள். இப்போது ஒளிரவில்லையே என்று ஏமாறக் கூடாது. ஒளி தந்த துத்தநாக சல்ஃபைடுதான் கெட்டிருக்கிறது. ரேடியத்தின் அரை ஆயுள் சுமார் 1600 ஆண்டுகள். மூடியைத் திறக்காதீர்கள், முகப்பைச் சுரண்டாதீர்கள். உதிரும் பொடி மூச்சில் போகும். காற்றோட்டமுள்ள இடத்தில், ஆட்கள் வெகுநேரம் உட்காரும் இடத்துக்கு அப்பால் வையுங்கள்.

குரோனோமீட்டருக்கு (கப்பலில் வைக்கும் துல்லியமான கடிகாரம்) ஒரே ஒரு வேண்டுகோள்: ஓடுகிறதா பார்ப்போம் என்று சாவி கொடுக்காதீர்கள். எண்ணெய் உலர்ந்த நிலையில் ஓடவிட்டால் அச்சு முனைகள் தேயும். தொலைதூரம் அனுப்புவதென்றால் அதைத் தாங்கி ஆடும் வளையங்களைப் பூட்டி, சமநிலைச் சக்கரத்துக்குத் தக்கை அடை கொடுக்கச் சொல்லுங்கள், தெரிந்த கைவினைஞரிடம்.

ஏற்கெனவே பாலிஷ் போட்டுவிட்டவர்கள் புதிதாக ஸ்பிரே வார்னிஷ் அடித்து மறைக்கப் பார்க்க வேண்டாம். மெழுகோடு நிறுத்திக்கொள்ளுங்கள். என்ன தேதியில், எதைக் கொண்டு, எந்தெந்தப் பகுதியைத் தேய்த்தீர்கள் என்று ஒரு தாளில் பென்சிலால் எழுதி, கருவியின் பெட்டிக்குள்ளேயே வைத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
பழைய கருவிகளைப் பேணுவோர் சிலர்