உன் மகள் போகட்டும்

அன்புள்ள தூங்குமூஞ்சிக்கு,

நலம். நான்கு பக்கம் திட்டி எழுதத் தெம்பிருக்கிறதே, நீயும் நலம்தான். மூட்டுவலியைப் பிறகு பேசுவோம். முதலில், பலரோடு சேர்ந்து வாழும் கூட்டு வீட்டுக்குப் போகிறேன் என்கிற உன் மகள் விஷயம்.

“பெற்றவர்கள் கல்லுக்குண்டாக இருக்கும்போது, முன்பின் தெரியாத பதினைந்து பேரோடு ஏன் கூடி வாழ வேண்டும்? அது என்ன ஆசிரமமா, சத்திரமா?” என்று கேட்டிருக்கிறாய். சத்திரமாக இருந்தால் படுத்தெழுந்து போய்விடலாம். இது அதைவிடக் கடினம். என் சின்ன மகன் அப்படி ஒரு வீட்டுக்குப் போனபோது நானும் இதையேதான் கேட்டேன், உன்னைவிடச் சத்தமாக. அப்புறம் நேரில் போய்ப் பார்த்தேன்.

சமையலறைச் சுவரில் ஓர் அட்டவணை. யார் பெருக்குவது, யார் கணக்கெழுதுவது என்று எல்லாம் அதில். செவ்வாய் இரவுக்கு எதிரே இவன் பெயர். குடித்த தம்ளரை எடுத்து வைக்காத நம் துரை, அடிப்பிடித்த பாத்திரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். அதற்கும் தாமதமாகத்தான் வந்திருந்தான். “எங்கே போய்த் தொலைந்தாய்?” என்று ஒரு பெண் எட்டிப் பார்த்து அதட்டினாள். எரிந்து விழுவான் என்று நினைத்தேன். அசடு வழியச் சிரித்தான். வேலைக்குப் போன நாளிலிருந்து, வராவிட்டால் அவனைத் தேடியது விடுப்புக் கணக்கு ஒன்றுதான்.

பள்ளியும் கல்லூரியும் கேட்காமலே நண்பர்களைக் கொடுத்தன. இருபது வயதைத் தாண்டியதும் அது சட்டென்று நின்றுவிடுகிறது. அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரியாக இருந்த விவேக் மூர்த்தி 2023இல் தனிமையைப் பற்றி வெளியிட்ட அறிக்கையை எடுத்துப் பார். 15 முதல் 24 வயதுவரை உள்ளவர்கள் நண்பர்களோடு நேரில் கழித்த நேரம் 2003இல் நாளுக்குச் சுமார் 150 நிமிடம், 2020இல் 40. கடைசி ஆண்டில் கொரோனாவுக்கும் பங்குண்டு, ஆனால் சரிவு அதற்கு வெகு முன்பே தொடங்கியது. இந்தப் பிள்ளைகளிடம் “நாலு பேரோடு பழகு” என்று உபதேசம் செய்கிறோமே, அந்த நாலு பேர் எங்கே?

அமெரிக்காவின் வர்ஜீனியாவில் 1967இல் தொடங்கிய ட்வின் ஓக்ஸ் என்ற கூட்டு வாழ்க்கைக் குடியிருப்பு இன்றும் நடக்கிறது. வாரத்துக்குச் சுமார் 40 மணி நேரம் ஆளுக்கு வேலை. சமைப்பதும் பிள்ளை பார்ப்பதும்கூட அந்தக் கணக்கில் சேரும். (இதை வீட்டில் உரக்கப் படிக்காதே, உனக்கும் அட்டவணை வந்துவிடும்.) உறுப்பினராக விரும்புகிறவர் முதலில் மூன்று வாரம் தங்கிப் பார்க்க வேண்டும். எனக்குப் பிடித்தது இந்த நிதானம்தான். அன்பு, அரவணைப்பு என்று வாசலிலேயே கட்டிப்பிடிக்கிற இடத்தைவிட, “முதலில் வேலை செய், பிறகு பார்ப்போம்” என்கிற இடத்தை நம்பலாம். நீ இல்லாவிட்டால் ஒரு வேலை கிடப்பில் கிடக்கும் என்கிற இடத்தில்தான் மனிதனுக்கு வேர் பிடிக்கிறது.

உன் பயம் வீண் என்று சொல்லவில்லை. கூடி வாழ்கிறவர்கள் அளவு மீறியதும் உண்டு. இஸ்ரேலில் கிப்புட்ஸ் என்கிற கூட்டுக் கிராமங்களில் பல பத்தாண்டுகள் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துத் தனி வீட்டில் தூங்க வைத்தார்கள். பின்னர் அதைக் கைவிட்டார்கள். பணம் ஒரே ஆள் கையில் இருந்தாலோ, இனிக்க இனிக்கப் பேசும் ஒருவர் சொல்வதே முடிவாக இருந்தாலோ மகளை அழைத்துக்கொண்டு திரும்பிவிடு. ஒன்றை மட்டும் மறக்காமல் விசாரி: விலகிப் போனவர்களைப் பற்றி அங்கே எப்படிப் பேசுகிறார்கள்? துரோகி என்றால் ஆபத்து. “போன மாதம்கூட வந்து போனான்” என்றால் தாராளமாக விடு.

அங்கே சண்டையும் வரும். சின்னவன் நள்ளிரவுப் பாட்டுக்காக ஒருவனோடு மோதி, மறுநாள் அவன் எதிரிலேயே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறான். நம் வீட்டிலாக இருந்தால் கதவை அறைந்து சாத்தியிருப்பான். நானும் பேசாமல் விட்டிருப்பேன்.

அடுத்த மாதம் அவளோடு நீயும் போய் இரண்டு நாள் தங்கு. எதற்கும் தீர்ப்புச் சொல்கிற நம் ‘நீதிபதி’யை மட்டும் துணைக்கு அழைக்காதே. அவர் வாயைத் திறந்தால் அந்தப் பதினைந்து பேரும் பெட்டியைக் கட்டிவிடுவார்கள்.

உன்,
வாயாடி