கோல்ஃப் பயிற்சி கிரீன் வரைபடம்: ஞாயிறு சந்திப்புக்கு முன் படிக்கவும்

நண்பர்களே, வணக்கம். ஞாயிறு காலை 7 மணிக்குப் புதுச்சேரி கடற்கரைச் சாலையில், காந்தி சிலை அருகே கூடுவோம். பயிற்சி கிரீனுக்கு, அதாவது புல்லை ஒட்ட வெட்டிக் குழி வைக்கும் பரப்புக்கு, அவரவர் வரைந்த படத்தோடு வாருங்கள்.

கிரீனின் வடிவத்தை அழகாக வளைப்பதற்கு முன், குழியை எங்கெங்கே வைக்கலாம் என்று யோசியுங்கள். ஒரே இடத்தில் குழி கிடந்தால் சுற்றியுள்ள புல் மிதிபட்டே வீணாகிவிடும். ஐந்தாறு இடங்களாவது வேண்டும். குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர்தான், ஆனால் அதைச் சுற்றி இரண்டு மூன்று அடிக்குச் சரிவு சீராக இருக்க வேண்டும். ஒட்ட வெட்டிய புல்லில் சரிவு 3 சதவீதத்தைத் தாண்டினால் பந்து குழியருகே நிற்பது கஷ்டம். விளிம்பிலிருந்து நான்கு தப்படியாவது உள்ளே தள்ளி வையுங்கள்.

பங்க்கர் என்னும் மணல்பள்ளத்துக்குப் பின்னால் ஒடுங்கிய மூலையில் குழியை வைத்தால் கடினம், முன்பக்கம் அகலமான இடத்தில் வைத்தால் எளிது. இரண்டும் ஒரே கிரீனில் இருக்கட்டும். எல்லா இடமும் கடினமாக இருப்பதை நான் ஏற்கவே மாட்டேன். புதிதாக வருகிற பிள்ளைகளுக்கும் பந்து குழியில் விழ வேண்டும்.

அப்புறம், ஐப்பசி கார்த்திகை மழையை மறக்காதீர்கள். தண்ணீர் இரண்டு மூன்று திசைகளில் பிரிந்து வடியட்டும். ஆட்கள் ஏறி இறங்கும் பக்கம் மட்டும் வேண்டாம், சேறாகிவிடும். மேலே மணல், கீழே சரளை, அதற்கும் கீழே வடிகுழாய் என்று குறுக்குவெட்டுப் படமும் போடுங்கள்.

சரிவை அம்புக்குறி போட்டுச் சதவீதத்தில் எழுதவும். வர முடியாதவர்கள் சனி இரவுக்குள் படத்தைக் குழுவில் அனுப்பிவிடுங்கள்.