கீரையை விடுங்கள், வலி மாத்திரையைச் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

'ரத்தம் கட்டாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கீரையைத் தொடவே கூடாது' என்று ஞாயிறு மருத்துவப் பக்கத்தில் போட்டிருந்தீர்கள். அதைப் படித்த கையோடு என் மனைவி, வதக்கி வைத்திருந்த முருங்கைக்கீரை முழுவதையும் என் தட்டில் கொட்டிவிட்டாள். 15 வருடத்துக்கு மேலாக அந்த மாத்திரையோடு குடித்தனம் நடத்துகிறவள். அவளே பயந்துபோனாள் என்பதால் எழுதுகிறேன்.

சின்ன வயதில் ஊரில் வந்த மூட்டுக் காய்ச்சல் அவள் இதயத்தில் போய் உட்கார்ந்துவிட்டது. 2009ல் மைட்ரல் வால்வை எடுத்துவிட்டு உலோக வால்வு வைத்தார்கள். ராத்திரி தாராவி அடங்கினால் (அடங்கினால்தானே!) அவள் நெஞ்சில் டிக் டிக் என்று கேட்கும். அந்த வால்வில் ரத்தம் கட்டிவிடாமலிருக்க அன்று முதல் அசிட்ரோம் என்கிற மாத்திரை. ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று சோதனையில் காட்டும் எண்ணான ஐஎன்ஆர், 2.5க்கும் 3.5க்கும் நடுவில் நிற்க வேண்டும்.

கீரை பற்றி எங்கள் டாக்டர் முதல் மாதமே சொல்லிவிட்டார். ரத்தம் உறையத் தேவையான சில பொருட்களைக் கல்லீரல் வைட்டமின் கே வைத்துத்தான் செய்கிறது. அந்த வேலையை இந்த மாத்திரை இழுத்துப் பிடிக்கிறது. கீரையில் அந்த வைட்டமின் நிறைய. ஆகவே வாரம் இரண்டு நாள் கீரை என்றால் எப்போதும் இரண்டு நாள். மாத்திரை அளவை அதற்கேற்ப வைத்துக்கொள்வார்கள். திடீரென்று தினமும் தின்றால் ஐஎன்ஆர் இறங்கும், திடீரென்று நிறுத்தினால் ஏறும். உங்கள் பக்கத்தைப் பார்த்து எத்தனை வீட்டில் நிறுத்தினார்களோ.

எங்களைக் கவிழ்த்தது வேறு. போன மழைக்காலத்தில் அவளுக்கு முழங்கால் வலி. பக்கத்து மெடிக்கலில் வலிக்கு என்று கேட்டேன், டைக்ளோஃபெனாக் நறுக்கிக் கொடுத்தார். வேறு என்ன மாத்திரை ஓடுகிறது என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஐந்து நாள் போட்டாள். ஆறாம் நாள் மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனது. இரும்புச்சத்து மாத்திரையால் என்று நினைத்து விட்டுவிட்டோம். மறுநாள் தண்ணீர்க் குடத்தோடு சாய்ந்தாள்.

ஆஸ்பத்திரியில் ஹீமோகுளோபின் 6.8, ரொம்பக் குறைவு. ஐஎன்ஆர் 3.2. எண் சரியாகத்தானே இருக்கிறது என்று சண்டைக்கே போனேன். வலி மாத்திரை வயிற்றின் உட்தோலைப் புண்ணாக்கி ரத்தம் கசியவைக்கும், ரத்தத்தை அடைக்கும் தட்டணுக்களை ஒன்றோடொன்று ஒட்டவும் விடாது. அதையெல்லாம் ஐஎன்ஆர் காட்டாது என்றார் அந்த இளம் டாக்டர். சரி, ரத்தம் உறைய ஊசி போடுங்கள் என்றேன். வைட்டமின் கே ஊசியை அள்ளிப் போட்டால் வால்வில் ரத்தம் கட்டிக்கொள்ளும், அப்புறம் அசிட்ரோம் பல நாள் வேலை செய்யாது என்றார். ரத்தம் நிற்கவும் வேண்டும், உறையவும் கூடாது. 30 வருடம் மாட்டுங்கா ரயில்வே பணிமனையில் பிரேக் பார்த்தவன் நான், இப்படி ஒரு பிரேக்கைப் பார்த்ததில்லை. இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றி, குழாய் விட்டுப் புண்ணைப் பார்த்து அடைத்து, பிறகு வால்வில் ரத்தம் கட்டாமலிருக்க ஹெப்பாரின் சொட்டு மருந்து. நிறுத்தினால் சில மணி நேரத்தில் அதன் வேகம் போய்விடுமாம், அதனால் அது. ஒன்பது நாள் கழித்து வீட்டுக்கு வந்தாள்.

எதிர்வீட்டு அண்ணாச்சி, இதயத் துடிப்புக் கோளாறு இருப்பதால், ரத்தம் கட்டாமலிருக்கப் புது வகை மாத்திரை சாப்பிடுகிறார். ஐஎன்ஆர் பார்க்கவே வேண்டாம். அதையே இவளுக்கும் வாங்கச் சொன்னார். உலோக வால்வு வைத்தவர்களுக்கு அது ஆகாது. இதையும் உங்கள் பக்கத்தில் யாரும் எழுதவில்லை.

அடுத்த ஞாயிறு கீரைக்குக் கொடுத்த இடத்தில் பாதியை இதற்குக் கொடுங்கள்: டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென், ஆஸ்பிரின், வயிற்றுப்போக்குக்குத் தரும் மெட்ரோனிடசோல், இவற்றை டாக்டரிடம் கேட்காமல் போடாதீர்கள், மெடிக்கலில் முதலில் அசிட்ரோம் பெயரைச் சொல்லுங்கள் என்று. கட்டம் கட்டிப் பெரிய எழுத்தில் போட்டால், வெட்டி எடுத்து எங்கள் தெரு மெடிக்கலில் நானே ஒட்டிவிட்டு வருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ரயில்வே தொழிலாளி,
தாராவி, மும்பை.