தவக்காலத்தில் கைகொடுத்தவர்களுக்கு

எங்கள் பங்கு மக்களுக்கும் ஊராருக்கும் வணக்கம்.

உயிர்ப்பு ஞாயிறு (ஈஸ்டர்) முடிந்துவிட்டது. அதற்கு முன்னான இந்தத் தவக்காலம் முழுவதும் என்னைத் தாங்கியவர்களிடம் நேரில் நன்றி சொல்ல நாக்கு எழவில்லை, எழுதிவிடுகிறேன். என்ன பாவம் என்று யாரும் துருவ வேண்டாம். கேட்க வேண்டியவர் பாவங்களைச் சாமியாரிடம் அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் உட்கார்ந்து கேட்டுவிட்டார். வெளியே சொல்ல அவருக்கே அனுமதி கிடையாது.

முதல் நன்றி அந்தச் சாமியாருக்கு. செட்டிநாட்டு வீடுகளில் பேரேடு எழுதியே தலை நரைத்தவன் நான். பாவத்தையும் அப்படித்தான் பார்த்தேன். பற்று இவ்வளவு, வட்டி இவ்வளவு, வரவு வைக்க என்னிடம் என்ன இருக்கிறது? பாவமன்னிப்புப் பெற்ற பிறகும் ஐந்தொகை நேராகவில்லை என்று மனம் அரித்தது. சொன்னதையே திரும்பப் போய்ச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. "ஆண்டவர் தள்ளுபடி செய்த கணக்கை நீங்கள் ஏன் தினமும் பிரித்துப் பார்க்கிறீர்கள்?" என்றார். 1693-இல் புனித அருளானந்தர் விசுவாசத்துக்காகத் தலைகொடுத்த ஓரியூருக்கு நடந்தே போய்வந்தால் பரிகாரம் ஆகுமா என்றேன். "தாராளமாகப் போய் வாருங்கள். ஆனால் உங்களால் நட்டப்பட்டவர் ஓரியூரில் இல்லையே" என்றார்.

கோவில் வேலைகளைக் கவனிக்கும் கோவில்பிள்ளை ஐயாவுக்கும் நன்றி. சென்ற ஆண்டின் குருத்தோலைகளை வீடு வீடாக வாங்கி எரித்து, பழைய வேட்டித் துணியில் சலித்து, தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதனன்று நெற்றியில் பூசும் சாம்பல் ஆக்குபவர் அவர்தான். கோவிலின் கடைசித் தூணுக்குப் பின்னால் ஒளிந்து நின்றவனைக் கையைப் பிடித்து வரிசையில் நிறுத்தினார்.

வேலை செய்யும் வீட்டு ஆச்சிக்கு எங்கள் வழிபாடு பழக்கமில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை எனக்குச் சுத்தபோசனம், இறைச்சி கிடையாது என்பதை அவர் மறந்ததே இல்லை. கோழி அடித்த அன்றும் எனக்கென்று தனியாக இட்லியும் கத்தரிக்காய் கோசமல்லியும் இருக்கும். மாலையில், "கணக்கப்பிள்ளை, சிலுவைப்பாதைக்கு நேரமாகிவிட்டது, ஏட்டை மூடுங்கள்" என்பார்.

அறுபதைத் தாண்டியவனுக்கு ஒருசந்தி நோன்பு கட்டாயமில்லை. அதைத் தண்டனையாகப் பிடித்துக்கொண்டிருந்த என்னை அதட்டிக் கஞ்சி குடிக்கவைத்தவள் என் மனைவி. இரவில், தாவீது அரசர் பாவத்துக்கு வருந்திப் பாடிய திருப்பாடல் 51-ஐ வாசித்துக் காட்டினாள். தாவீது அரசரே நாத்தான் இறைவாக்கினர் அவர் பாவத்தை முகத்துக்கு நேரே சொன்ன பிறகுதான் அழுதார் என்பதில் எனக்குக் கொஞ்சம் ஆறுதல், உண்மையைச் சொன்னால்.

கடைசியாக, பெயர் சொல்ல முடியாத ஒருவருக்கு. வாசலில் நின்ற என்னை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார். மன்னித்தேன் என்று அவர் இன்னும் சொல்லவில்லை. இறைவன் மன்னித்துவிட்டார் என்பதற்காக இவரையும் நச்சரிக்க எனக்கு உரிமை இல்லை. தரவேண்டியதை வைகாசியிலிருந்து மாதாமாதம் வாங்கிக்கொள்ளச் சம்மதித்திருக்கிறார். வட்டி வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்.

இப்படிக்கு,
உங்கள் பங்கைச் சேர்ந்த ஒருவன்